72 படிகளும் வெற்றிலைக் கறையும்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்துக்கு ஏற 72 படிகள். வெள்ளைக்காரத் துரை காலத்துக் கருங்கல் படி. ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது செங்கல் உயரம்கூட இருக்காது. சின்ன வயதில் எண்ணிக்கொண்டே ஓடுவோம். 31வது படி உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். 58வது படிக்குப் பக்கத்தில் ஒரு கொய்யா மரம். 72ஐத் தாண்டினால் மாடசாமி கோயில், பிரட்டுக்களம், அப்புறம் ஹட்டனுக்குப் போகிற ரோடு. லயம் பள்ளத்தில் இருப்பதால் நல்லது கெட்டது எதுவானாலும் நாங்கள் மேலே ஏறித்தான் ஆகவேண்டும்.

அப்பா கவ்வாத்து வெட்டுகிற ஆள், தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்துவிடுகிற வேலை. 2012 கடைசியில் அவருக்கு 57 வயது. காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கத்தியோடு படியேறுவார். மார்கழிப் பனி கம்பளியையும் தாண்டி இறங்கும் நேரம் அது. கொய்யா மரத்துக்கிட்டே போனதும் நிற்பார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, நிதானமாக மென்று, படியோரத்தில் துப்பிவிட்டு மறுபடி ஏறுவார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தோரணை. அம்மாவுக்கு எரிச்சல். "பேரு விட்டுப் போகப்போகுது, இப்பதான் வெத்தல போடணுமா?" என்று கீழேயிருந்து கத்துவார்.

"நெஞ்சுல வாயு நிக்குது புள்ள. வெத்தல போட்டா எறங்கிரும்" என்பார் அப்பா.

இறங்கவும் செய்தது. அதுதான் வினை. மூன்று நான்கு நிமிடம் நின்றால் இறங்கியது. நின்றதால் இறங்கியதா, வெற்றிலையால் இறங்கியதா என்று யாருமே கேட்கவில்லை. பெயர் என்னவோ வெற்றிலைக்குத்தான் போனது. "டாக்டர்ட்ட காட்டுவமா?" என்று நான் இரண்டு தடவை கேட்டிருப்பேன். இரண்டு தடவையும் ஒரே பதில்: "ஒண்ணுமில்ல."

2013 ஜனவரியில் ஒரு நாள் காலை ஆறேகால் இருக்கும். படியேறக்கூட இல்லை. முகம் கழுவிவிட்டு வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலது கையை இறுக்கிப் பொத்தி நெஞ்சு நடுவில் வைத்துக்கொண்டிருந்தார், ஏதோ ஒன்றைப் பிடித்துவைத்திருக்கிற மாதிரி. அந்தக் குளிரிலும் நெற்றி, மேலுதடு, கழுத்து எல்லாம் வியர்வை. அம்மா இஞ்சி தட்டிச் சாயத்தண்ணி போட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் கோடாலித் தைலத்தோடு வந்தார். பெரியம்மா ஓமத்தண்ணி. ஒரு ஏப்பம் வந்தது. "அப்பாடா, வாயு கலைஞ்சிருச்சு" என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அந்த ஏப்பத்தால் நாங்கள் முக்கால் மணி நேரத்தை இழந்தோம்.

அப்புறம் வாந்தி. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும், அது ரோட்டு மேலே. இதை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது: நானும் அண்ணனும் ஆளுக்கொரு தோள் கொடுத்து, அந்த 72 படியிலும் அவரை நடத்தியே கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம் கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்த இதயத்தை மலையேற வைத்தோம். டிஸ்பென்சரி திறந்ததும் வயிற்றுக்கு ஒரு வெள்ளை மருந்து ஊற்றிக் கொடுத்து, பக்கத்துப் பெஞ்சில் படுக்கச் சொன்னார்கள். அங்கே இசிஜி எடுக்கிற மெஷின் கிடையாது. அவர்கள்மேல் மட்டும் பழியைப் போடவும் முடியாது. "காஸ்ட்ரைட்டிஸ்தான் டாக்டர், ரொம்ப நாளா இருக்கு" என்று சொன்னது நான்தானே.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஆரம்பித்து மூன்றரை மணி நேரம்.

அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் சிங்களவர், நல்ல பையன். "பப்புவ ரிதெனவத?" என்றார். நெஞ்சு வலிக்கிறதா? அப்பாவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். தலையை ஆட்டி, இல்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்ற மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தமிழ் தெரிந்தவர். குனிந்து, "ஐயா, என்ன செய்யுதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்றார். அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வலியெல்லாம் இல்லம்மா. கவ்வாத்து மலையில ஒரு கட்டைய நெஞ்சுல தூக்கி வச்ச மாதிரி அமுக்குது. தாடையெல்லாம் உளையுது."

மிஸ்ஸி அதைச் சிங்களத்தில் சொன்ன அடுத்த நிமிடம் இசிஜி வயர்கள் நெஞ்சில் ஒட்டப்பட்டுவிட்டன.

அந்த ஒரு கேள்வியை நான் பல வருடமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். "வலிக்கிறதா?" என்பது தப்பான கேள்வி. கத்தி கிழித்தால் வலி, பல் சொத்தையானால் வலி. இதயத்துக்கு ரத்தம் குறையும்போது வருவது பல பேருக்கு அந்த மாதிரி இல்லை. அமுக்குது, இறுக்குது, அடைக்குது, பாரமா இருக்கு, மூச்சு முட்டுது, கயிறு போட்டுக் கட்டின மாதிரி இருக்கு என்பார்கள். சில பேர் எரியுது என்றே சொல்வார்கள். நம் மொழி இதை முன்பே பிடித்துவைத்திருக்கிறது. மாரடைப்பு என்றுதான் சொல்கிறோம், மார்வலி என்று இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது மட்டும் "வலி" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்கிறோம். திணிக்க முடியாதவர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்.

அந்தப் பொத்தின கைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. லெவின் அடையாளம் என்பார்கள், அதைக் கவனித்துச் சொன்ன சாமுவேல் லெவின் என்ற அமெரிக்க இதய மருத்துவரின் பெயரில். இதயத்தில் வரும் சங்கடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவது கஷ்டம். அது பரவலாக, நெஞ்சு நடுவில், ஆழத்தில் இருக்கும். அதனால் கை தானாகவே விரிந்தோ பொத்தியோ போய் உட்கார்ந்துவிடும். "இந்தா, இங்கதான்" என்று ஒரு விரலை ஒரு புள்ளியில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் அது விலா எலும்போ சதையோதான். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் நாள் அப்பாவுக்குத் துணி எடுக்க லயத்துக்கு வந்தேன். படியில் இறங்கும்போது 58வது படியோரத்தில் பழைய வெற்றிலைக் கறை, காய்ந்து கறுத்துப்போய். அது எனக்குத் தெரிந்ததுதான். 41வது படியில் இன்னொரு கறை, அவ்வளவு பழசில்லை. 23வது படியில் ஒன்று, இன்னும் செங்காவி நிறம் போகாமல். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக மனிதர் நிற்கிற இடம் கீழே கீழே இறங்கி வந்திருக்கிறது. முதலில் 58 படி ஏறினால் வந்தது, அப்புறம் 41லேயே வந்தது, கடைசியில் 23 படிக்கே வந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை, படியில் மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

வார்டு டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். ஏறினால் வருவதும் நின்றால் போவதும் ஒரே அளவில் இருந்தால் அது ஒரு வகை. கிளினிக்கில் காட்டி மருந்து எடுக்க வேண்டிய காரியம். அதே சங்கடம் முன்னைவிடக் குறைந்த வேலைக்கே வர ஆரம்பித்தால், அடிக்கடி வந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தால், இதயத்து ரத்தக்குழாய் அடைபடப்போகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஓடிவர வேண்டியது என்றார். எங்களுக்கு மூன்று மாதம் முன்னறிவிப்புக் கொடுத்திருக்கிறது உடம்பு.

பிறகு தேடிப் படித்ததில் ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. வில்லியம் ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1768இல் லண்டனில் மருத்துவர்கள் முன்னால் இந்த நோயை விவரித்துப் படித்தார், 1772இல் அது அச்சில் வந்தது. இசிஜி இல்லை, எக்ஸ்ரே இல்லை, ஸ்டெதஸ்கோப்பே இல்லாத காலம். வெறுமனே நோயாளிகள் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்கிறார்: நடக்கும்போது வரும், அதிலும் மேட்டில் ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் இன்னும் அதிகம், நின்றுவிட்டால் போய்விடும். எங்கள் தோட்டத்துப் படியில் நின்று பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருந்தது.

காரணம் சிக்கலானதில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் கொழுப்புப் படிந்து பாதிக்கு மேல் சுருங்கியிருந்தாலும், உட்கார்ந்திருக்கும்போது தேவைக்குப் போதும். மேட்டில் ஏறினால் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்க வேண்டும், அதற்கு இன்னும் ரத்தம் வேண்டும். சுருங்கின குழாயால் கொடுக்க முடியாது. சாப்பிட்ட உடனே ஜீரணத்துக்காகவும் இதயம் கூடுதலாக உழைக்கிறது. குளிரில் தோலடிக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுவதால் அந்தச் சுமையும் சேர்கிறது. ரொட்டி சாப்பிட்டு, மார்கழிப் பனியில், 72 படி. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தினமும் இலவசமாகப் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தோம், ரிசல்ட்டைத்தான் வாசிக்கவில்லை.

எங்களைக் குழப்பிய இன்னொன்றும் இருந்தது. காலையில் படியில் திணறுகிற மனிதர், மேலே போனபின் மத்தியானம் வரைக்கும் கவ்வாத்து வெட்டுவார். ஓங்கி ஓங்கி வெட்டுகிற வேலை. "நெஞ்சு நோயா இருந்தா இந்த வேல செய்ய ஏலுமா?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் பட்டது. ஆனால் சில பேருக்கு நாளின் முதல் உழைப்பில் இந்தச் சங்கடம் வந்து, கொஞ்சம் நின்று போனபின் அதே வேலையை நன்றாகவே செய்ய முடியும். மருத்துவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. எங்களுக்குத் தெரியவில்லை.

சரி, நெஞ்சில் வருவதெல்லாம் இதயமா? இல்லவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வேறு காரணம்தான். எங்கள் தோட்டத்திலேயே எல்லா வகையும் பார்த்திருக்கிறேன். கவ்வாத்து ஆட்களுக்கும் உர மூட்டை தூக்குகிறவர்களுக்கும் விலாவும் நெஞ்செலும்பும் சேருகிற குருத்தெலும்பில் அழற்சி வரும். அந்த இடத்தை அமுக்கினால் "ஆ" என்பார்கள், திரும்பிப் படுத்தால் குத்தும், தும்மினால் உயிர் போகும். நாள் கணக்கில் இருக்கும். எங்கள் லயத்தில் ஒரு அக்காவுக்கு ஒரு பக்க நெஞ்சு மட்டும் தீயாய் எரிந்தது, மூன்று நாள் கழித்துக் கொப்புளம் வந்த பிறகுதான் அக்கி என்று தெரிந்தது. நிமோனியாக் காய்ச்சலில் நுரையீரல் உறையில் அழற்சி வந்தால் மூச்சை இழுக்கும்போது கத்தியால் குத்துகிற மாதிரி இருக்கும்; மூச்சைப் பிடித்தால் குறையும். பயமும் பதற்றமும் வந்தாலும் நெஞ்சு அடைக்கும், கை விரல்கள் மரத்துப்போகும். சம்பள நாளுக்கு முந்தின ராத்திரிகளில் இது அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்புறம் வயிறு. நம் நாட்டில் இதற்குப் பொதுப்பெயர் காஸ்ட்ரைட்டிஸ். வயிற்றுப் புளிப்பு உணவுக்குழாயில் மேலேறினால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கரிக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் வரும், குனிந்தால் வரும், தொண்டையில் புளித்தண்ணி எட்டிப்பார்க்கும், எழுந்து உட்கார்ந்தால் குறையும். படியேறுவதற்கும் அதற்கும் பெரிதாகச் சம்பந்தம் இருக்காது. உடம்பின் நிலைக்கும் சோற்றுக்கும் கட்டுப்பட்டது வயிறு, உழைப்புக்குக் கட்டுப்பட்டது இதயம். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது, எதனால் போகிறது என்பதில்தான் துப்பு அதிகம். ஒரே ஒரு நொடி சுருக்கென்று குத்திவிட்டுப் போவது அநேகமாக இதயம் இல்லை. சில நிமிடங்கள் நின்று பிடிப்பதும், தாடைக்கோ கழுத்துக்கோ முதுகுக்கோ கைக்கோ பரவுவதும்தான் பயப்பட வேண்டியது. எல்லோரும் இடது கையையே சொல்வார்கள். வலது கைக்கும் வரலாம், இரண்டு கைக்கும் சேர்ந்து வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முதுகுப் பக்கமாகக் கிழிக்கிற மாதிரி திடீரென்று வந்தால் அது இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனி கிழிவதாகவும் இருக்கலாம், அதுவும் நிமிடக் கணக்கில் ஓடவேண்டிய காரியம்.

ஆனால் இந்தப் பிரிவினை எல்லாம் கதை கேட்டுச் சந்தேகப்பட உதவும். "இதயம் இல்லை" என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல உதவாது. காரணம், இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் சேதி கொண்டுபோகிற நரம்புகள் முதுகுத்தண்டில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. மேலே மூளைக்கே குழப்பம். இதயத்தின் அடிப்பக்கம் அடைபட்டால் மேல்வயிற்று வலி, வாந்தி, ஏப்பம், விக்கல் என்று வயிற்று வேஷம் கட்டி வரும். ஈனோ குடித்துச் சுகமானால் வயிறுதான் என்பதும் பொய்க் கணக்கு. மாரடைப்பு வந்த ஆளுக்கும் அதைக் குடித்துக் கொஞ்சம் இதமாக இருப்பதுண்டு. எதிர்ப்பக்கமும் அப்படியே: நாக்குக்கடியில் வைக்கிற இதய மாத்திரைக்கு உணவுக்குழாய்ப் பிடிப்பும் விடும். மருந்து கேட்டது என்பதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. அப்பாவின் வெற்றிலையும் அதே கணக்குத்தான்.

அத்தைக்கு வந்தபோது நெஞ்சே பேசவில்லை. அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வியாதி. கொழுந்து மலையில் மத்தியானம் திடீரென்று சட்டையெல்லாம் நனைகிற வியர்வை, ஒரு தடவை வாந்தி, கூடையைத் தூக்க முடியாத அசதி. அவ்வளவுதான். சீனி இறங்கிவிட்டது என்று நினைத்துச் சர்க்கரைத் தண்ணி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தார். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு கொண்டுபோனோம். இசிஜி எடுத்த டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டு, நேற்றே வந்திருக்கிறது என்றார். நாள்பட்ட சீனியில் நரம்புகள் மழுங்கிப்போவதால் இதயம் கத்தினாலும் கேட்காமல் போகலாம். பெண்களுக்கும் நெஞ்சுச் சங்கடம்தான் முதலில் நிற்கிறது. ஆனால் அதோடு சேர்ந்து வரும் அசதி, மூச்சுத் திணறல், வாந்தி, முதுகு உளைச்சல் ஆகியவை பெரிதாகத் தெரிவதால் வேறு கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அத்தை திரும்பி வரவில்லை.

இவ்வளவும் பார்த்த எனக்கே 2023இல் ஒரு ராத்திரி வந்தது. அப்போது 43 வயது, ஹட்டனில் வாடகை வீடு. ஒரு கொத்து ரொட்டி முழுசாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தவன் இரண்டு மணிக்கு எழுந்தேன், இடது நெஞ்சில் பிடிப்பு. என் மூளை செய்த முதல் வேலை என்ன தெரியுமா? "வாயுவா இருக்கும்" என்றது. அப்பாவின் குரல் அப்படியே. இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வு 2004இல் வந்தது. அதில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53, மற்ற நாட்டவருக்கு 59ஐ ஒட்டி என்று படித்தது நினைவுக்கு வந்தது. மனைவி அதற்குள் ஆம்புலன்ஸ் நம்பர் 1990க்குப் போன் அடித்துவிட்டார். 2016இல் சுவசெரிய ஆம்புலன்ஸ் தொடங்கியபோது எங்கள் பக்கம் கிடையாது. இப்போது வருகிறது, காசில்லை. வண்டி வந்து நின்றதும் தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. எனக்கு வலியைவிட அந்த ஜன்னல்கள்தான் கஷ்டமாக இருந்தன.

இசிஜி சரியாக இருந்தது. "அப்ப போகலாமா?" என்று எழுந்தேன். டாக்டரம்மா உட்கார வைத்தார். மாரடைப்பின் ஆரம்பத்தில் இசிஜி நன்றாகவே காட்டலாம், அதனால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்றார். ரத்தத்தில் ட்ரோபோனின் என்று ஒன்றைப் பார்த்தார்கள். இதயத் தசை சேதமானால் கசிகிற புரதம் அது. அதுவும் உடனே ஏறாது, சில மணி நேரம் பிடிக்கும், அதனால்தான் இரண்டு தடவை. விடியும் வரைக்கும் படுத்துக்கிடந்தேன். எல்லாம் சரி என்று வந்த பிறகு அவர் கட்டைவிரலால் என் நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ஒரு இடத்தை அமுக்கினார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் முன்பு பாடசாலையில் மேசை தூக்கினது. கொஞ்சம் குருத்தெலும்பு அழற்சி, கொஞ்சம் கொத்து ரொட்டி.

"வீணா தொந்தரவு குடுத்திட்டேன்" என்றேன். "இரண்டு மணிக்கு வீட்டில் இருந்தபடி உங்களுக்கு இது தெரிந்திருக்குமா?" என்று கேட்டார். அமுக்கினால் வலித்த இடத்தை வைத்தே முடிவு செய்திருக்கலாமே என்றேன், படித்த திமிரில். விலாவில் வலியுள்ள ஆளுக்கும் மாரடைப்பு வரத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு அன்றைக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றினார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொடுத்தால் பலன் அதிகம், நேரம் போகப் போகத் தசை செத்துக்கொண்டே போகும். எங்கள் மூன்றரை மணி நேரத்துக்கு என்ன விலை என்று பிறகு எடுத்த எக்கோ ஸ்கேனில் தெரிந்தது. இதய அறையில் நிறைகிற ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுவது 35 சதவீதம். சாதாரணமாக 55க்கு மேல் இருக்கவேண்டும். கண்டியில் குழாய் அடைப்பைப் பார்க்க ஆஞ்சியோகிராம், குழாயை விரித்துவைக்க ஒரு ஸ்டென்ட். உயிர் நின்றது, கவ்வாத்துக் கத்தி சுவரிலேயே நின்றுவிட்டது.

இப்போது எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யாருக்காவது நெஞ்சை அடைத்தால் நடக்க விடுவதில்லை. வாசலிலேயே சாய்த்து உட்காரவைத்துவிட்டு 1990க்கு அடிப்பது. வண்டி மேலே ரோட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்குவது. கோயில் கமிட்டி நாற்காலி, கை வைத்தது, அதுதான் தோது. அஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், குடல் புண்ணில் ரத்தம் போனவர் தவிர மற்றவர்களுக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள், அதைப் போனில் கேட்டுக்கொள்ளலாம். ஓமத்தண்ணி வேண்டாம். தைலம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போவோம் என்று காத்திருப்பதுதான் கெடுதல்.

அப்பாவுக்கு நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை கொடுத்திருந்தார்கள், சின்னக் கண்ணாடிப் போத்தலில். நைட்ரோகிளிசரின், டைனமைட்டில் போடுகிற அதே சரக்கு. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கும் கடைசிக் காலத்தில் இதய நோய்க்காக டாக்டர்கள் இதைத்தான் எழுதிக்கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "ரோட்டுக்குக் கல்லு ஒடைச்ச மருந்தா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு லயம் முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெற்றிலையை விடச் சொன்னதால் சுருக்குப் பையில் சுண்ணாம்பு டப்பா காலியாகக் கிடந்தது. போத்தல் உடைந்துவிடும் என்று மாத்திரையை எல்லாம் அந்த டப்பாவுக்குள் கொட்டிவைத்துவிட்டார். ஒரு நாள் மாத்திரை வைத்தும் சங்கடம் போகவில்லை என்று கிளினிக்கில் போய்ச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கண்ணாடியை விட்டு எடுத்தால் அந்த மாத்திரை வீரியம் இழந்துவிடும், போத்தலைத் திறந்தாலே எட்டு வாரத்தில் மாற்றவேண்டும். மிஸ்ஸி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஐயா, இது சுண்ணாம்பு மணக்குது" என்று திட்டினார். புதுப் போத்தல் கொடுத்தார். அதைக் கம்பளித் துணியில் சுற்றி அதே சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, 31இல் ஒரு தடவை, கொய்யா மரத்தடியில் ஒரு தடவை உட்கார்ந்து, ஏழு வருடம் கிளினிக்குக்கு ஏறி இறங்கினார். 2020இல் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். சாமி கும்பிட மேலே ஏறும்போது மகன் முன்னால் ஓடிவிட்டான். படியெல்லாம் பாசி. கறை எதுவும் இல்லை, அத்தனை மழைக்குப் பிறகு எங்கே இருக்கப்போகிறது. 23வது படியில் நின்றேன்.

"ஏம்ப்பா நின்னுட்டீங்க?" என்று மகன் மேலேயிருந்து கேட்டான்.

ஒண்ணுமில்ல என்று வாய்வரை வந்தது.

"செருப்பு வார் அறுந்துருச்சு" என்றேன். நிஜமாகவே அறுந்துதான் இருந்தது.